ஷட்டலைத் தொடாத சம்பந்தி

அசையும் சாமான்

"இப்போ அடிங்கண்ணே!" என்று கத்தினேன். ஆரோக்கியம் அண்ணன் அடித்தார். மட்டை காற்றைக் கிழித்துக்கொண்டு போய் அவருடைய முழங்காலிலேயே மோதியது. ஷட்டல் நிதானமாக இறங்கி, அவர் வழுக்கையில் ஒரு கணம் உட்கார்ந்து, பிறகு தரைக்கு வந்தது.

டத்தோ கிராமாட்டில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பெரியவர்களுக்குப் பூப்பந்து சொல்லித்தருவது என் தொழில். சிறுவர்கள் தப்பாக அடிப்பார்கள். பெரியவர்கள் தக்க காரணத்தோடு தப்பாக அடிப்பார்கள். மனைவிக்குக் காரோட்டவோ மாமனாருக்குக் கைப்பேசியோ கற்றுக்கொடுத்துப் பார்த்தவர்கள் கொஞ்சம் என் பக்கம் நகர்ந்து உட்காரலாம்.

அண்ணனைச் சேர்த்துக்கொண்டபோது எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. தொழிற்சாலையில் நுண்ணோக்கியின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய கம்பியைக் கணினிச் சில்லில் ஒட்டவைப்பது அவர் வேலை. அந்தக் கையும் கண்ணும் இருப்பவருக்கு ஷட்டல் பூசணிக்காய் மாதிரித் தெரியாதா? தெரிந்தது, ஆனால் ஒருமுறைகூடப் படவில்லை. அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே விளக்கினார்: "தம்பி, இந்தச் சாமான் அசையுது லா. என் வேலையில எதுவும் அசையாது."

கடைசி நாற்காலி

ஐம்பத்தைந்து வயதில் அவருக்கு இந்த ஆசை எதற்கு என்று அவர் மகள் அனிதாதான் சொன்னாள். அவளுக்குத் தாசேக் கெலுகோரில் ஒரு பையன் அமைந்திருந்தான். பையன் நல்லவன். அவன் அப்பா சேவியர், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் வைத்திருப்பவர். வீட்டுக்குப் பின்னால் சிமெண்டில் பூப்பந்துத் திடல் போட்டிருக்கிறார். சம்பந்தம் பேச வருகிறவர் முதலில் அவரோடு ஆட வேண்டும், பிறகுதான் தேதி, மண்டபம், சாப்பாடு எல்லாம். ஜெபம் சொல்லித்தான் ஆட்டத்தைத் தொடங்குவார்களாம்.

சேவியருடைய மூத்த மருமகளின் அப்பா, தன் முறை வந்த அன்றைக்கு ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை. கல்யாணம் நின்றுவிடவில்லை. ஆனால் கிறிஸ்துமஸ், ஞானஸ்நானம், எந்த விருந்தானாலும் சேவியர் அந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. அந்த மனிதர் கடைசி வரிசையில், குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் நாற்காலியில் போய்த் தானாகவே உட்கார்ந்துகொள்கிறார்.

"அப்பா தோக்கட்டும் கோச்," என்றாள் அனிதா. "ஆனா அந்த நாற்காலிக்குப் பக்கத்துல இன்னொரு நாற்காலி போட விடாதீங்க."

ரொட்டிக் கை

மணிக்கட்டை எப்படிச் சுழற்றுவது என்று அண்ணனுக்குக் காட்ட, என் இன்னொரு மாணவரான காதர் பாயை எதிரே நிறுத்தினேன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் ஒரு கடையில் ரொட்டி சானாய், அதாவது நம் பரோட்டா, வீசுகிறவர். மாவு அவர் கையில் கைக்குட்டையாகிப் போர்வையாகும். அந்த மணிக்கட்டுக்கு நான் என்ன சொல்லித்தருவது என்று எனக்கே கூச்சம்.

ஷட்டல் வந்தது. பாய் மட்டையைத் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்று. பிறகு மிக அழகாக அடித்தார். அதற்குள் ஷட்டல் அவர் பின்னால் விழுந்துவிட, ஆரோக்கியம் அண்ணன் அதைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். சுற்றாமல் அடிக்கச் சொன்னேன். "சுத்தாம அடிச்சா நடுவுல கிழிஞ்சிடும் கோச்," என்றார்.

சவாலாக, மறுநாள் என்னைத் தன் கல்லுக்குப் பின்னால் நிறுத்தினார். பதினேழு வயதில் மாநிலத்துக்கு ஆடிய கை இது. வீசினேன். ரொட்டி உயர்ந்து, விசிறியைத் தொட்டு, மூன்றாவது மேசையில் இருந்த ஒருவருடைய ஹெல்மெட்டை முழுதாக மூடியது. ஹெல்மெட்டுக்காரர் அதற்குக் குழம்பு கேட்டார். காதர் பாய்தான் என் தோளைத் தட்டினார்: "கோச், இனிமே சாப்பிட மட்டும் வாங்க."

அசையாத சாமான்

அந்த ரொட்டிக்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. பூப்பந்தில் ஷட்டல் அசையாமல் இருக்கும் நேரம் ஒன்று உண்டு. சர்வீஸ் போடும்போது அது நம் விரல்களுக்கு இடையில்தான் இருக்கிறது. அண்ணனிடம் ஓட்டத்தையும் வீச்சையும் மறக்கச் சொன்னேன். இறகை இரண்டு விரலால் பிடித்து, மட்டையால் மெல்லத் தட்டச் சொன்னேன். ஷட்டல் வலையின் மேல்நாடாவை உரசிக்கொண்டு போய் முன்கோட்டில் செத்து விழுந்தது. திரும்பப் போட்டார். அதே இடம். "கம்பி ஒட்டுற மாதிரிதான் இருக்கு," என்றார், கொஞ்சம் ஏமாற்றத்துடன்.

குறித்த ஞாயிற்றுக்கிழமை தாசேக் கெலுகோரில் என்னை நடுவராக நாற்காலியில் ஏற்றினார்கள். ஜெபம் முடிந்தது. சேவியர் சர்வீஸ் போட்டதையெல்லாம் அண்ணன் வழக்கம்போலக் காற்றில் தேடினார். குளிர்பெட்டிப் பக்கம் மூத்த சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டார். அனிதா என்னை முறைத்தாள். பிறகு சேவியர் போட்ட சர்வீஸ் ஒன்று காற்றில் கோட்டைத் தாண்டிப் போக, போடும் முறை அண்ணனுக்கு வந்தது.

ஷட்டல் நாடாவை உரசி விழுந்தது. ஓங்கி அடிப்பதற்காகப் பின்னால் நின்ற சேவியர் ஓடி வந்து பார்த்தபோது அது படுத்திருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததற்கு அவர் முன்கூட்டியே பாய்ந்தார். தொந்தி வலைக்குள் போய், வலை கிழிந்து, செம்பனைக் குலை சாக்கில் தொங்குவதுபோலக் கொஞ்ச நேரம் தொங்கினார். மகன்கள் வந்து எடுத்தார்கள். நாடா தொய்ந்த வலையோடு ஆட்டம் தொடர, அதற்குப் பிறகு அண்ணனின் சர்வீஸும் தப்பியது.

கடைசியில் சேவியர்தான் வென்றார், பெரிய வித்தியாசத்தில். ஆனால் அந்த மூன்று பந்தைத் தவிர வேறெதுவும் அவர் நினைவில் இல்லை. மூச்சு வாங்கியபடி என்னிடம் வந்தார்: "என்னா நடுவரே, நிக்கிற பந்தை இந்த ஆள் இப்படி அடிக்கிறாரே, ஓடுற பந்தை அடிச்சா நான் உயிரோட இருப்பேனா?" பிறகு மகன் பக்கம் திரும்பினார்: "டேய், சம்பந்திக்கு என் பக்கத்துல நாற்காலி போடு!"

இத்தனை வருடத்தில் நான் தெரிந்துகொண்டது, ஒவ்வொரு கையும் ஒரே ஒரு பாடம்தான் படித்திருக்கிறது, மற்ற வகுப்புகளுக்கு அது சும்மா வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதுதான்.

எல்லோரும் ஆட்டுக்கறிப் பிரட்டலுக்குப் போய்விட்டார்கள். சேவியருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. திடலில் ஆரோக்கியம் அண்ணன் மூக்குக்கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, கிழிந்த வலையின் இழைகளை ஒவ்வொன்றாக இரண்டு விரலால் முடிந்துகொண்டிருந்தார்.