கேசட்டில் இல்லாத அருள்தாஸ்

கலீல் போன் செய்தபோது நான் வேலூரில், பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "ஜான்சா, அருளு போய்ட்டான்டா. காலைல டேனரிக்குக் கிளம்புனவன் செருப்ப மாட்டிக்கினே வாசல்ல உக்காந்தான். அவ்ளோதான்" என்றான். எனக்கு உடனே அழுகை வரவில்லை. முதலில் வந்தது பயம். அவனிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று எட்டு வருடம் தள்ளிப்போட்டிருந்தேன். அவனைத் தெரிந்த உங்களிடமாவது இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஆம்பூரில் ராக் பேண்டா என்று அந்தக் காலத்தில் சிரித்தவர்கள் உண்டு. இருந்தது. பாலாறு பாய்ஸ். நான் பாட்டும் கிதாரும், கலீல் பேஸ் கிதார், அருள்தாஸ் டிரம்ஸ். தொண்ணூறுகளில் சர்ச் கிறிஸ்துமஸ் விழா, ஷூ கம்பெனி ஆண்டு விழா, திருப்பத்தூர் காலேஜ் விழா எல்லாவற்றிலும் நாங்கள்தான். நான் சுருதி தப்பும் ஆள். மேடை ஏறுமுன் அருள் என் முதுகில் ஒரு தட்டு தட்டுவான். "நீ பாடு மச்சான். தப்பாச்சின்னா நான் ஜாஸ்தியா அடிச்சு மூடிடறேன்" என்பான். எத்தனையோ முறை மூடியும் இருக்கிறான்.

டேனரியில் அவனுக்குத் தோல் தரம் பிரிக்கிற வேலை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே எந்தத் தோல் எந்தத் தரம் என்று சொல்வான். டிரம்ஸுக்கு மாட்டும் பிளாஸ்டிக் ஷீட் அவன் அடிக்கு மூன்று கச்சேரிகூடத் தாங்காது. கிழிந்து கிழிந்து பேஜாராகி, பதனிடாத ஆட்டுத்தோலை அவனே இழுத்துக் கட்டிவிட்டான். மழை நாளில் அது தொய்ந்துவிடும். மேடைக்குப் பின்னால் பேப்பரைக் கொளுத்திச் சூடு காட்டுவான். லேசாக நாற்றம் அடிக்கும். ஆனால் அவன் பல்லவிக்கு முன்னால் ஓர் உருட்டு உருட்டுவான் பாருங்கள், முன்வரிசையில் இருக்கிற சபைப் பெரியவர்களுக்கே கால் ஆடும்.

பத்து வருடம் பாடியபின், எங்கள் பாட்டுகளிலேயே ஜனங்களுக்குப் பிடித்த பத்தைத் தேர்ந்தெடுத்து ஒரே கேசட்டாகப் போட ஆசைப்பட்டோம். சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் எல்லாவற்றையும் புதிதாகப் பதிவு செய்தோம். முதல் நாளே அருள் பத்துப் பாட்டுக்கும் வாசித்து முடித்துவிட்டு, லீவு இல்லையென்று ராத்திரி ரயிலில் ஊருக்குப் போய்விட்டான். மறுநாள் ரெக்கார்டிங் செய்பவர் அதைப் போட்டுக் கேட்டுவிட்டு, "இது ராக் பேண்டா, சாவு மேளமா?" என்றார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவின் சத்தம் என் பாட்டில் கேட்டுவிடக் கூடாது என்று எனக்கு அன்றைக்குத் தோன்றிவிட்டது. வெட்கங்கெட்டவன் நான்.

அவன் வாசித்ததை முழுக்க அழித்துவிட்டு ரிதம் மெஷினைப் போடலாம் என்றார் அவர். "அவனாண்ட கேக்காம வேணாண்டா" என்றான் கலீல். "அப்புறம் சொல்லிக்கலாம்" என்றேன். அட்டையில் மட்டும் 'டிரம்ஸ்: அருள்தாஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டேன். பெயரைப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்த புத்தியை எதால் அடிப்பது?

முதல் கேசட்டை அவன் வீட்டில்தான் போட்டுக் கேட்டோம். பாட்டு என்றால் அவன் விரல் சும்மா இருக்காது, டம்ளரிலாவது தாளம் போடும். அன்றைக்கு முதல் பாட்டு தொடங்கியதும் நின்ற விரல், கடைசிவரை அசையவில்லை. தொட்டே தரம் சொல்கிறவனுக்குத் தன் கை தெரியாதா? "சவுண்டு நல்லா க்ளீனா கீது" என்றான். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, அட்டையில் பெயரைக் காட்டினான். நான் தலையைக் குனிந்து டீயைக் குடித்தேன்.

அடுத்த மாதம் ஒரு கம்பெனி ஆண்டு விழா. டிரம்ஸில் ஆட்டுத்தோல் இல்லை, புது பிளாஸ்டிக் ஷீட். முதல் பாட்டில், அவன் வழக்கமாக உருட்டுகிற இடம் வந்தது. உருட்டவில்லை. நேராக, ஒரே சீராக, மெஷின் எப்படி அடித்ததோ அப்படியே அடித்தான். பத்துப் பாட்டும் அப்படியே. கேசட்டை எத்தனை முறை போட்டுக் கேட்டுப் பழகினானோ! ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியக் கூடாது, நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. இறங்கி வந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "இன்னா மச்சான், கேசட்ல இருக்கிற மாதிரி வந்துச்சா?" குத்தலாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிஜமாகவே கேட்டான். "வந்துச்சுடா" என்றேன்.

அடக்கத்தன்று அவன் மகள் ஜெனி அந்த கேசட்டை வேனில் போடச் சொன்னாள். "அப்பா வாசிச்சது அங்கிள், இதோடயே போகட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கல்லறைத் தோட்டம்வரை அந்த மெஷின்தான் அடித்துக்கொண்டு போனது. கலீல் என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு நிஜத் தோல்கூட ஒலிக்காமல் அவனைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம்.

ஜெனி, அது உன் அப்பா இல்லையம்மா. சர்ச் ஹாலில் ஒரு மழை நாள் ஒத்திகையைக் கலீல் டேப்ரெக்கார்டரில் பிடித்து வைத்திருந்தான். அதில் உன் அப்பா இருமுகிறார், "ஒன்னு, ரெண்டு, மூணு, போடு" என்கிறார். பிறகு அந்த உருட்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அதை உன்னிடம் கொண்டுவந்து கொடுக்கிறேன். நீ என்னைத் திட்டு. அவர் ஒரு நாளும் திட்டவில்லை.

அந்த டேப் உனக்கு. நான் வைத்துக்கொள்வது அவன் கேட்ட கேள்வியை. வந்துச்சுடா அருளு. அச்சு அசலா வந்துச்சு. என் தப்பை மூட நீ உன் கையையே மூடிக்கொண்டாய், நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடினேன்.