புரட்டிப் போட்ட முகம்

அந்த மருத்துவமனையில் லிஃப்ட் ஓட்டுகிறவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. கூட்டிப் பெருக்குகிறவரிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் 'கோடு'. ஒரு கை பொத்தானில், இன்னொரு கை பேனாவில். மடியில் பழைய படிவங்களின் வெற்றுப் பக்கம். கீழே ஏறுகிற ஆள் ஏழாவது மாடியில் இறங்குவதற்குள் மூக்கு, முழி, கவலை மூன்றும் தாளில் ஏறிவிடும். மூன்றாவது மாடிக்காரர்களுக்கு மட்டும் காது கிடைக்காது. அதற்குள் கதவு திறந்துவிடும். ஊரில் பாதிப் பேர் அவர் தாள்கட்டுக்குள் காதில்லாமல்தான் இருக்கிறார்கள்.

இது பதினோரு வருடப் பழக்கம். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் வாட்டர்கலர். அதன் பிறகு, மூலையில் கீறல் விழுந்த பழைய டேப்லெட்டில் ஒரு மணி நேரம். காய்ச்சல் வந்தாலும் நிற்காது. யாரும் வாங்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. "இந்த நேரத்துக்கு ஒரு கிணறே தோண்டியிருக்கலாம்" என்பார் மனைவி.

வாட்டர்கலருக்கு உட்காருகிற ஆள் எப்போதும் ஒரே ஆள்தான், அண்ணன். அண்ணனுக்கு மனசு சரியில்லாமல் போய் ஆறு வருடம். யாராவது படமெடுக்கப் போனைத் தூக்கினால் மேசைக்கடியில் போய்விடுவார். வீட்டிலிருந்த தன் பழைய போட்டோக்களையெல்லாம் ஒருநாள் உட்கார்ந்து பொடிப்பொடியாகக் கிழித்தவர். ஆனால் தம்பி பிரஷ்ஷை நனைத்தால் ஜன்னலோர நாற்காலியில் ராஜா மாதிரி உட்காருவார்.

"இன்னிக்கு மூக்கைப் பெருசாப் போட்டுட்ட."

"மூக்கே பெருசுதானேண்ணே."

"அதுக்காக? கூடப் பொறந்தவன்னு ஒரு சலுகை கிடையாதா?"

அண்ணனின் இடது புருவத்தை ஒரு தழும்பு இரண்டாக வெட்டிப் போகும். சின்ன வயதில் கோடு எறிந்த தகர டப்பா மூடி செய்த வேலை. தினமும் அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் கோடு பிரஷ்ஷை ஒரு தடவை கூடுதலாகக் கழுவுவார்.

செவ்வாய்க்கிழமை காலை மனைவி மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தபோது நாற்காலி காலி. செருப்பு இருந்தது, ஆள் இல்லை.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு கேட்டார்: "போட்டோ இருக்கா?"

"இல்ல சார். வரைஞ்சது இருக்கு. ஆயிரத்துக்கு மேல."

"ஆயிரமா? நாங்க என்ன கண்காட்சியா நடத்துறோம்? அடையாளம் தெரியிற மாதிரி ஒண்ணே ஒண்ணு குடுய்யா."

அந்த ஒன்றைச் செய்ய புதன்கிழமை காலையில் உட்கார்ந்தார். வடிவத்துக்கு அண்ணனை வரைந்த பேனாப் படங்கள், தோல் நிறத்துக்கு வாட்டர்கலர் படங்கள், எல்லாவற்றையும் தரையில் பரப்பிவைத்து டேப்லெட்டில் ஒரே முகமாகச் சேர்த்தார். ஒரே படத்தை வெகுநேரம் பார்த்தால் கண் பொய் சொல்ல ஆரம்பிக்கும், கோணல் நேராகத் தெரியும். அதற்கு டேப்லெட்டில் வரைகிறவர்களிடம் ஒரு வித்தை உண்டு. பொத்தானைத் தட்டி, கண்ணாடியில் தெரிவதுபோல் படத்தை இடம் வலமாகப் புரட்டுவார்கள். புரட்டியதும் தப்பெல்லாம் பல்லிளிக்கும். திருத்திவிட்டு மறுபடி புரட்டி நேராக்கிவிடுவார்கள்.

கோடு புரட்டினார். தாடை சாய்ந்திருந்தது. திருத்திக்கொண்டிருக்கும்போதே, போஸ்டர் அடிக்கச் சொல்லியிருந்த பிரஸ்ஸிலிருந்து போன்.

"அண்ணா, மெஷின் இப்பதான் காலி. பத்து நிமிஷத்துல அனுப்பினீங்கன்னா உண்டு. இல்லாட்டி நாளைக்குத்தான்."

நாளைக்கா? அனுப்பிவிட்டார். மறுபடி புரட்டாமல் அனுப்பிவிட்டார். பிரஸ் பெண் பாவம், படத்தைப் பார்த்துப் பொறுப்பாகக் கீழே ஒரு வரியும் சேர்த்தாள்: 'வலது புருவத்தில் தழும்பு.'

முந்நூறு போஸ்டர். புருஷனும் பெண்டாட்டியுமாகப் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக ஒட்டினார்கள்.

"என்னங்க, உங்க அண்ணன் முகம் இதுல ஏதோ மாதிரி இல்ல?"

"அச்சுல அப்படித்தான் இருக்கும். நீ பசையைத் தடவு."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தேடிக்கொண்டே ரயில் நிலையத்துக்குப் போனார். நடைமேடையைக் கழுவுகிற அம்மா, தூணில் ஒட்டியிருந்த போஸ்டரையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவருக்கு நீங்க என்ன வேணும்?"

"தம்பிம்மா."

"இரட்டைப் பிள்ளையா பொறந்தாரா உங்கண்ணன்?"

"இல்லையே. ஏன்?"

"நேத்து இதே ஜாடையில ஒருத்தர் இந்தத் தூணுக்குக் கீழதான் உக்காந்திருந்தார். ரெண்டு மணி நேரம். போஸ்டரைப் பாத்தேன், அவரைப் பாத்தேன். தழும்பு இந்தப் பக்கம் இருந்துது." அந்த அம்மா தன் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினார். "படத்துல அந்தப் பக்கம். எழுத்துலயும் அப்படியே போட்டிருக்கு. சரி, இவர் வேற யாரோன்னு விட்டுட்டேன். அப்புறம் ஒரு வண்டி வந்துது, ஏறிட்டார்."

கோடு தூணுக்குப் போனார். கழுவிய தண்ணீரில் ஊறியிருந்த மூலையைப் பிடித்து இழுத்ததில் போஸ்டர் முழுசாக வந்தது. வெயிலுக்கு நேரே தூக்கி, பின்பக்கமாகப் பார்த்தார். தாளுக்கு அந்தப்புறம் அண்ணன் சரியாக இருந்தார். தழும்பு அதன் இடத்தில். தான் போட்ட தழும்பையே பக்கம் மாற்றிப் போட்ட தம்பி உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும். ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எந்தப் பக்கம் போற வண்டிம்மா?"

"குனிஞ்சு கழுவிட்டிருந்தேன் சாமி. ரெண்டு பக்கமும் வண்டி நின்னுது."

"அடுத்த வண்டி?"

"அரை மணியில ஒண்ணு. அது போனதும் எதிர்ப் பக்கம் ஒண்ணு."

பையிலிருந்து படிவக் கட்டை எடுத்தார். பிரஸ்ஸுக்கு நேரமில்லை. எத்தனை முடியுமோ அத்தனை வரைந்து ரெண்டு வண்டியிலும் ரயில் கார்டு கையில், பயணிகள் கையில், இறங்குகிற ஊரில் ஒட்டச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். முதல் படம் லிஃப்ட் வேகத்தில் முடிந்தது. தழும்பைப் போடும் முன் தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்து, அந்த அம்மாவின் புருவத்தையும் பார்த்து, அதற்குப் பிறகுதான் போட்டார். நீட்டினார்.

"சரியாம்மா?"

அந்த அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"தழும்பு சரி. ஆனா ஆள் இப்படி இல்லியே. இதுல சாப்பிட்ட முகமா இருக்கார்."

கோட்டுக்கு முதலில் விளங்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அண்ணனைத்தான் அவர் கைக்குத் தெரியும்.

"கன்னம் உள்ள போயிருந்துது" என்றார் அந்த அம்மா.

வேறு தாள் எடுத்தார். கன்னத்தில் கோடுகளை அடுக்கினார்.

"இன்னும்."

அடுக்கினார்.

"உதடு வெடிச்சிருந்துது. தாடி நரைச்சு முளைச்சிருந்துது. கண்ணு... எப்படிச் சொல்றது, யாரையோ தேடிட்டே இருந்துது."

பேனா அங்கே நின்றுவிட்டது. மூக்கு முழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே போடுகிற கை, அந்தக் கண்ணைப் போட மறுத்தது. எங்கோ வண்டி ஊதியது.

"போடு சாமி. போட்டாத்தானே பாக்குறவங்களுக்குத் தெரியும்."

போட்டார். அந்த அம்மா குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஆமா. இவர்தான்."

கோடு அதன் அடியில் போன் நம்பரை எழுதினார். நீர் சொட்டி ஒரு எண் கரைந்தது. மேலே அழுத்தி மறுபடி எழுதினார். பிறகு, பார்க்கவே முடியாத அந்த முகத்தை, இரண்டாவது தாளில் முதலிலிருந்து வரைய ஆரம்பித்தார்.