பத்து விரலும் ஆடின

வேலை போன மனிதரே எழுந்து நின்று அதை ஆமோதித்தார் என்றுதான் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் பேச்சு. கூட்டத்தை நடத்திய மார்னி ஹால்வர்சனின் கைராசி அப்படியாம். விசாரித்ததில், எழுந்து நின்றது உண்மை.

மார்னிக்குத் தொழிலே கூட்டம் நடத்துவதுதான். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு நடுவில் மெழுகுவத்தி ஏற்றுவாள். யார் பேசினாலும் கண்ணிமைக்காமல் கேட்பாள். மூன்று முறை மூச்சை இழுத்துவிட்ட பிறகுதான் பதில். நாய் குரைத்தால்கூட "உங்க ஆதங்கம் புரியுது" என்பாள் என்று ஊரில் நையாண்டி உண்டு. அவள் வட்டத்தில் கைதட்டக் கூடாது. சத்தம் சாதுவானவர்களை மிரட்டிவிடுமாம். சம்மதமென்றால் இரு கைகளையும் உயர்த்தி விரல்களை ஆட்ட வேண்டும். ஒரே ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் விழுந்துவிடும்.

அன்று கூட்டுறவு மளிகைக் கடை ஊழியர்களின் வட்டம். சீஸ் பிரிவில் பத்தொன்பது வருஷம் நின்ற ஓர்வில் பெக்கலாவை வீட்டுக்கு அனுப்பலாமா என்பது கேள்வி. அவருக்குக் கைநடுக்கம்; அவர் கத்தியை எடுத்தால் வாங்க வந்தவர்கள் பின்வாங்குகிறார்கள். வேலை போனால் கடை கொடுக்கும் மருத்துவக் காப்பீடும் போகும், அதோடு மாத்திரையும்.

"இது வெளியேத்தறது இல்ல, ஓர்வில். உங்களை விடுவிக்கிறோம்," என்றான் மேலாளர் கிர்க்.

"நான் என்ன கூண்டுக் கிளியா?"

மார்னி முன்னால் சாய்ந்தாள். "உங்க வலிக்கு இந்த வட்டத்துல இடம் இருக்கு."

"வலிக்கு இடம் இருக்கு, எனக்குத்தான் இல்லையாக்கும்!"

கல்லாவில் உட்காரும் டெப் சிரித்துவிட்டு, சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டாள்.

மணி பதினொன்று ஐம்பத்தைந்து. பன்னிரண்டுக்கு அந்த அறை யோகாக்காரர்களுக்கு. மார்னி தீர்மானத்தைப் படித்தாள். இருபது பேரின் விரல்கள் ஆடின. ஓர்வில் எழுந்தார். நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் இரண்டு கைகளையும் உயர்த்தினார். கைகள் வழக்கம்போல் நடுங்கின.

மார்னி பார்த்தாள். எதையும் தவறவிடாத கண் அது. கட்டைவிரலில் நடுக்கம் தொடங்கியதையும் பார்த்தாள், மறுக்க அவர் வாய் திறந்ததையும் பார்த்தாள். மூன்று மூச்சுக்குக் காத்திருக்கவில்லை.

"நன்றி, ஓர்வில். எல்லாருக்கும் சம்மதம்."

"ஐயோ, மார்னி, இது என் வியாதி..."

"நேரம் ஆயிடுச்சு. நீங்க பேச ரெண்டு நிமிஷம் நான் உங்களுக்குக் கடன்." பேச நேரம் பாக்கி உள்ளவர்களின் பட்டியலில் அவர் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள்.

"என்ன பெருந்தன்மை உங்களுக்கு!" என்று டெப் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் கைகள் அவள் முதுகில் தாளம் போட்டன.

மறுமாதக் கூட்டத்துக்கு ஓர்வில் கோட்டும் தொப்பியுமாக வந்து நின்றார். மார்னி வாசலிலேயே அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

"இது ஊழியர்கள் வட்டம், ஓர்வில். ஆனா நீங்க வந்ததை மனசுல வாங்கிக்கிட்டேன்."

"அந்த ரெண்டு நிமிஷம்?"

"பட்டியல்ல இருக்கு."

பொய்யில்லை. அந்த நோட்டில் பேசி முடித்த எல்லார் பெயரையும் அடித்தாயிற்று, அவர் பெயரைத் தவிர.