மடியில் செருகிய பட்டை

சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்த கறுப்புப் பட்டையை எங்கே பார்த்தாலும் என் கை தானாக வேட்டி மடியைத் தொடுகிறது. அப்படி ஒன்றை நான் ஒருமுறை அங்கே ஒளித்திருக்கிறேன்.

வடக்கனந்தல் பக்கத்தில் எங்கள் மரவள்ளிக் கொல்லைக்குக் களையெடுக்க, பின்னால் நடந்து ஓட்டும் பவர் வீடரை வாடகைக்கு எடுத்திருந்தோம். நானும் என் மனைவியின் தம்பியும் மாறி மாறி ஓட்டுவதாக ஏற்பாடு. லீவரைப் பிடியோடு சேர்த்து அழுத்தியிருக்கும் வரைதான் கத்திகள் சுழலும். கையை விட்டால் நின்றுவிடும். அது எதற்காக என்று, பள்ளியில் இயற்பியல் நடத்திய எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனால் விரல்கள் வலித்தன. டியூப் பட்டையால் லீவரைப் பிடியோடு இறுக்கிக் கட்டினேன். எங்கள் பக்கம் பலரும் செய்வதுதான்.

மச்சான் வந்தபோது நிறுத்தி அவிழ்க்கச் சோம்பல்பட்டு, ஓடும் நிலையிலேயே அவன் கையில் கொடுத்தேன். கை வழுக்காமலிருக்கச் சுற்றிய ரப்பர் என்று நினைத்திருப்பான். வரப்போரம் திருப்பும்போது கால் தடுக்கி விழுந்தான்; பிடியையும் விட்டான். இயந்திரம் நிற்கவில்லை. வட்டமடித்து வந்து அவன் வலது பாதத்தில் ஏறியது. ஓடிப்போய் எஞ்சினை அணைத்தேன். அக்கம்பக்கத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அவனைத் தூக்குவதற்கு முன் நான் செய்த காரியம், பட்டையை உருவி மடியில் செருகியது.

ஆஸ்பத்திரியில் கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். "கைய உட்டா நின்னுடும்னு அவ்ளோ சொன்னாங்களே, இன்னாடா பண்ணே நீ?" என்று என் மனைவி அழுதபடியே திட்டினாள். "பயத்துல நான்தான் உடாம புடிச்சிக்கினு இருந்துட்டேன் போல, க்கா" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "உடு மாமா, இனிமே செருப்பு கடிக்கவும் விரலு கம்மி" என்று சிரிக்கப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன்.

அதிலிருந்து யார் அந்த இயந்திரத்தை எடுத்தாலும் தேடிப்போய்ச் சொல்வான்: "பயந்துக்கினு இறுக்கிப் புடிக்காதீங்க. என்னாட்டம் ஆயிடும்." எல்லோரும் அவன் பாதத்தைப் பார்ப்பார்கள். கட்டாதீர்கள் என்று சொல்ல அவனுக்குத் தெரியாது. தெரிந்தவன் பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு நிற்பேன். அவன் காலை மட்டுமல்ல, அவன் சொல்லையும் நான் கெடுத்துவிட்டேன்.

போன வாரம் பங்காளி ஒருவரின் கொல்லையில் நின்ற வீடரின் லீவரைக் கண்டேன். அதே கறுப்புப் பட்டை. மச்சான் தன் வழக்கமான பேச்சை ஆரம்பித்திருந்தான்.

"அத அவுத்துடுங்க" என்றேன்.

"கட்டிக்கினா கை நோவாது. வாத்தியாருக்கு இன்னா தெரியும் கொல்ல வேல?" என்று சிரித்தார் பங்காளி.

"இப்படித்தான் நானும் கட்டினேன். அதனாலதான் மச்சான் கால் போச்சு. அவன் கைய உட்டுட்டான். நான் கட்டினதுதான் உடல."

மச்சான் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, நிதானமாக முடிச்சை அவிழ்த்தான். பட்டையை என் கையில் வைத்தான். எப்போதும் என்னோடு சேர்ந்தே நடப்பவன், எனக்காகக் காத்திராமல், மலையைப் பார்த்த வரப்பில் காலைச் சாய்த்துச் சாய்த்துப் போனான்.

பட்டையை மடியில் செருகவில்லை. கையில் பிடித்தபடியே பின்னால் நடந்தேன்.