முகம் திருப்பிக்கொண்ட மாமியார்

மாப்பிள்ளையின் பைக் சத்தம் கேட்டபோது கூடத்தில் நான்கு பேர் இருந்தோம். நானும் அம்மாவும் நாளிதழை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தோம். தங்கை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் ஆஸ்திரேலியாவிலிருந்து அழைத்து வந்திருந்த பெண் ஓவியர், தரையில் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தங்கை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, தன் கணவர் வந்துவிட்டதாக அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஓவியர் டம்ளரைக் கீழே வைத்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தலையில் கட்டியிருந்த துணியை நெற்றிவரை இழுத்துவிட்டு எழுந்தவர், அறுபது வயதுக்குச் சற்றும் பொருந்தாத வேகத்தில் சமையலறையைக் கடந்து பின்பக்கம் போய்விட்டார்.

மாப்பிள்ளை ஒரு செருப்பைக் கழற்றிய காலோடு வாசலில் நின்றார். கையில் ஸ்வீட் பாக்ஸ். எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

"இன்னா பாவா, நான் வந்தது புடிக்கலியா அவங்களுக்கு?" என்று மனைவியின் அண்ணனான என்னைக் கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. தங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்றாள்.

மறந்திருக்கக் கூடாத நேரம் அது. மாப்பிள்ளை அன்று வந்ததே ஒரு முடிவெடுக்கத்தான். தங்கை நர்ஸ். ஆஸ்திரேலியாவின் நடுவில், பாலைவனத்துக்குள் இருக்கும் ஒரு பூர்வகுடிக் கிராமத்தின் கிளினிக்கில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை ஆர்.கே.பேட்டையில் தம்பியோடு சேர்ந்து விசைத்தறி ஓட்டுகிறார். கிளினிக்கில் இன்னும் இரண்டு ஆண்டு இருக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். "இந்தத் தடவை நீங்களும் வாங்க. வரலன்னா நான் எழுதிக் குடுத்துட்டு வந்துடுறேன்" என்று தங்கை சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை அவள் பதில் அனுப்பியாக வேண்டும். அவளுக்கு அந்த வேலையை விட மனமில்லை. அவருக்குப் போக மனமில்லை. வீடியோ காலில் அந்த ஊரை அவர் பார்த்திருக்கிறார். செம்மண், தகரக் கூரை, வாரத்தில் சில நாள் திறக்கும் ஒரே கடை, எங்கே பார்த்தாலும் நாய்கள். "அங்க வந்து நான் இன்னா பண்றது? கிளினிக் வாசல்ல நாய்ங்கள எண்ணிகினு குந்தறதா?" என்பதுதான் அவருடைய கேள்வி.

தங்கை அவரை உட்காரவைத்து விளக்கினாள். அந்த ஊரில் உறவு இல்லாத ஆள் என்று ஒருவர் இருக்க முடியாது. வெளியாள் கொஞ்ச காலம் தங்கினால் ஏதாவது ஒரு குடும்பத்தில் சேர்த்துவிடுவார்கள். இல்லாவிட்டால் அவரோடு யார் எப்படிப் பேசுவது, பக்கத்தில் யார் உட்காருவது என்று ஒருவருக்கும் தெரியாது. கிளினிக் பக்கத்து ஓவியக் கூடத்தில் வரையும் இந்த அம்மாள் தங்கையை மகளாக எடுத்துக்கொண்டார். சென்னையில் ஒரு கண்காட்சிக்காக வந்தவர், மகள் பிறந்த ஊரைப் பார்க்க மூன்று நாள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அந்தக் கணக்கில் நான் அவருக்கு மகன். அம்மா அவருக்கு அக்கா.

"அப்ப நீங்க அவங்களுக்கு மருமகன்" என்றாள் தங்கை. "அங்க மாமியாரும் மருமகனும் மூஞ்சிக்கு மூஞ்சி பாக்கக் கூடாது. பேசக் கூடாது. ஒரே ரூம்ல இருக்கக் கூடாது. அதான் மரியாதை."

"நல்ல மரியாதை" என்றார் மாப்பிள்ளை. ஸ்வீட் பாக்ஸ் இன்னும் மடியில்தான் இருந்தது.

இதை முதலில் புரிந்துகொண்டது அம்மாதான். சின்னம்மாவும் அம்மா, பெரியப்பாவும் அப்பா, ஆனால் மாமன் வேறு, அத்தை வேறு என்று அவர்களும் நம்மைப் போலவே பிரிப்பதை முதல் நாளே தங்கையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். இப்போது சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏன் மாப்பிள்ளை, கல்யாணம் ஆன புதுசுல நான் உங்க முன்னாடி வந்தனா? கதவுக்குப் பின்னால நின்னுகினு, 'மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சாதம் வேணுமா கேளு நைனா'ன்னு இவன்கிட்டத்தான கேப்பேன்?"

"ஆங், கேட்டீங்க. அது ஆறு மாசம் அத்தை."

"இவங்க ஆயுசுக்கும் பண்றாங்க. உங்களுக்குத்தான் பெருமை."

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பாக்ஸைத் திறந்து, முதல் துண்டை என்னிடம் கொடுத்துப் பின்பக்கம் அனுப்பச் சொன்னார்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு போக்குவரத்து ஏற்பாடு வந்துவிட்டது. மாப்பிள்ளை தெருமுனையிலேயே ஹாரன் அடிப்பார். ஓவியர் எழுந்து போவார். அவர் குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் அம்மா முன்னால் நடந்து, "மாப்பிள்ளை, கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்பார். ஒரு நாளில் பழகிவிட்டது.

முதல் நாளே நான் நோட்டை எடுத்து ஓவியரிடம் பெயர், வயது, ஊர் கேட்டிருந்தேன். செய்தியாளன் கை அப்படித்தான் போகும். ஊரைச் சொன்னார். பெயருக்குத் தங்கைதான் பதில் சொன்னாள். அதே பெயருள்ள ஒருவர் அண்மையில் இறந்துவிட்டதால் அந்தப் பெயரை இப்போது யாரும் உச்சரிப்பதில்லையாம். அதற்குப் பதிலாக ஒரு பொதுச் சொல்லால் இவரை அழைக்கிறார்களாம். நான் நோட்டை மூடி வைத்தேன். அவரைப் பற்றி எழுதும்போது மற்றவர்களின் பெயரை மட்டும் போடுவது சரியாகப் படவில்லை.

சனிக்கிழமை காலை வெயில் ஏறுமுன் அவர் மொட்டை மாடியில் துணியை விரித்து வரைந்தார். அதைத் தரையில் கிடத்தி, நான்கு பக்கமும் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்து, குச்சி முனையால் புள்ளி வைத்தார். எது மேல்பக்கம் என்று கண்டுபிடிக்க நான் இரண்டு முறை சுற்றி வந்தேன். மேல், கீழ் கிடையாது என்றார். வானத்திலிருந்து பார்த்த நிலம் அது. வட்டங்கள் நீர்நிலைகள். லாடம் போன்ற வளைவு ஒவ்வொன்றும் மணலில் ஒரு பெண் உட்கார்ந்து எழுந்த தடம்.

அவர் கீழே இறங்கிய பிறகு மாப்பிள்ளை மேலே போனார். வெகு நேரம் கழித்து வந்து, சமையலறைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அம்மாவிடம் சொன்னார். "அத்தை, அந்த டிசைன் புடவ பார்டருக்கு ரொம்ப நல்லா வரும். தறில ஏத்தட்டுமான்னு கேளுங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் தங்கை மொழிபெயர்த்தாள். பதில் ஒரே சொல்லாக வந்தது. பிறகு நீளமாக வந்தது. "வேணாமாம். அது அவங்க அப்பாவோட நிலம். அந்தக் கதைய வரைய அவங்களுக்கும் அவங்க தங்கச்சிங்களுக்கும்தான் உரிமை. ஒருத்தரே எடுத்துக் குடுக்க முடியாதாம்."

மாப்பிள்ளை கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். "நியாயம்தான். எங்க ஊர்ல ஒரு டிசைன் இன்னைக்கு ஏறுச்சின்னா நாலு நாள்ல எதிர்வீட்டுத் தறில ஓடும். இப்படிக் கேக்க ஆள் இருந்தா நல்லாத்தான் இருக்கும்."

மாலையில் எங்கள் ஊர் முருகன் மலைக்குப் போனோம். நாங்கள் ஆட்டோவில், மாப்பிள்ளை பைக்கில், பார்வைக்குள் வராத தூரத்தில். அடிவாரத்தில் ஓவியர் இறங்கி நின்றுவிட்டார். இது தன் மலை இல்லை, இந்த ஊர்க்காரர் யாராவது தன்னை யாரென்று முதலில் மலையிடம் சொல்ல வேண்டும் என்றார். அம்மா யோசிக்கவே இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்து, "முருகா, இது என் தங்கச்சி. ரொம்ப தூரத்துல இருந்து வந்துகீறா. பாத்துக்கோப்பா" என்றார். திரும்ப ஆட்டோவில் ஏறும்போது என்னிடம், "மேல இருக்கிறவரே வேடர் வீட்டு மாப்பிள்ளைதானே. அவருக்குப் புரியும்" என்றார்.

இரவுச் சாப்பாட்டின்போது அங்கே மருமகன் மாமியாருக்குச் செய்ய வேண்டியது என்ன என்று மாப்பிள்ளை தங்கையிடம் கேட்டாராம். வேட்டையாடிய இறைச்சியில் பங்கு அனுப்ப வேண்டும், நேரில் இல்லாமல் ஆள் மூலம், என்றாளாம். ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஹாரன் கேட்டது. தூக்குப் பாத்திரத்தோடு வந்து அதைச் சமையலறை வாசலில் வைத்துவிட்டுப் பின்வாங்கினார். உள்ளே ஆட்டுக்கறி.

"மாமியார் வீட்டுல கறி திங்க வர்ற மாப்பிள்ளையத்தான் பாத்துகீறேன். கறி வாங்கினு வர்ற மாப்பிள்ளைய இப்பத்தான் பாக்குறேன்" என்றார் அம்மா. "எந்தக் காட்டுல வேட்டையாடுனீங்க?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, பாய் கடையில அத்தை. கூட்டம் தாங்கல. வேட்டைதான்."

தங்கை இதைச் சொன்னதும் உள்ளே ஓவியர் சத்தமாகச் சிரித்தார். மாப்பிள்ளை அந்தக் குரலை முழுதாகக் கேட்டது அதுதான் முதல் முறை.

சாப்பாடு முடிந்ததும் ஓவியரைச் சென்னைக்கு அழைத்துப்போகக் கார் வந்தது. மாப்பிள்ளை கூடத்தில், ஓவியர் சமையலறையில் பையைக் கட்டிக்கொண்டு. உள்ளேயிருந்து ஒரு கேள்வி வந்தது. தங்கை வாசற்படியில் நின்று தமிழில் சொன்னாள்.

"உங்களுக்கு மோட்டார் ரிப்பேர் பண்ணத் தெரியுமான்னு கேக்குறாங்க."

"இருபது வருசமா தறி மோட்டாரு, வண்டி இஞ்சினு ரெண்டும் நான்தான பண்ணிகினு கீறேன்?"

"அவங்க வீட்டுக்குப் பின்னால ஓடாத வண்டி மூணு நிக்குது. ஊர் முழுக்க எண்ணுனா இன்னும் இருக்கும். மெக்கானிக் வரணும்னா நானூறு கிலோமீட்டர். மருமகன் ஒருத்தன் இருக்கான், அவன் வருவான்னு ஊர்ல சொல்லலாமா, வேணாமான்னு கேக்குறாங்க."

தங்கை இதைச் சொல்லிவிட்டு அவரைப் பார்க்கவில்லை. கதவுச் சட்டத்தைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு சுவருக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார்.

"டீசலா, பெட்ரோலான்னு கேளு" என்றார்.