ஹம்பேர்க் விமானம் வராத நாள்

1. முதல் நாள்

சுவிஸில் பீல் நகரில் இருந்து கொஞ்சத் தூரத்தில், பசுக்கள் மேயும் வயல்களுக்கு நடுவில் இருந்தது அந்தச் சின்ன விமான நிலையம். மலிவு டிக்கெட் விற்ற ஒரு புதிய கொம்பனியில் எனக்கு செக்-இன் வேலை. முதல் நாள் கவுண்டரில் பெட்டிகளை நிறுத்து அனுப்பிவிட்டு, ஜக்கெட்டை மாற்றிக்கொண்டு ஓடிப்போய் கேட்டில் நின்றேன். அங்கே போர்டிங் கார்டை நீட்டிய ஒரு சுவிஸ் கிழவர், உங்களுக்கு இரட்டைச் சகோதரி இருக்கிறாரா என்று விசாரித்தார். ஓம் என்றேன். ஆள் குறைவாக வைத்தால்தான் டிக்கெட் மலிவாகும் என்று அவருக்கு விளக்க நேரமில்லை.

2. கேக்கும் தண்ணீரும்

மக்கள் வந்து குவிந்தார்கள். இரண்டு விமானங்கள் நான்காயின. எங்கள் முதலாளி ஹெர் ப்ரூனர் நல்ல மனிதர். புதிய ரூட் ஒன்று தொடங்கினால் கேக் வெட்டி, ஷாம்பெய்ன் ஊற்றி, நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம் என்பார். அந்தக் காலத்தில் நான் சாப்பிட்ட கேக்கில் யூனிபோர்ம் இரண்டு சைஸ் ஏறியது.

பிறகு விமானத்தில் இலவசமாகக் கொடுத்த சொக்கலேட் நின்றது. அடுத்து தண்ணீருக்கு விலை வந்தது. ஒரு விமானத்தை ஓரமாக நிறுத்தி, அதன் பாகங்களைக் கழற்றி மற்றதற்குப் பூட்டினார்கள். பயணிகள் கேட்டால் “ஒப்பரேஷனல் ரீசன்” என்று சொல்லச் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

3. மாப்பிள்ளை

ஒரு நாள் பின்னேரம் ஹம்பேர்க் விமானத்துக்குப் பயணிகள் காத்திருந்தார்கள். வாடகை பாக்கிக்காக அந்த விமானத்தை வேறொரு நாட்டில் பிடித்து வைத்துவிட்டார்கள் என்று ஹெர் ப்ரூனர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். இன்னும் யாரிடமோ பேசிப் பார்க்கிறாராம். அதுவரை போர்டில் தாமதம் என்று போடச் சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

வரிசையில் பக்கத்து நகரமான நொஷாட்டலில் இருந்து வந்த ஒரு தமிழ்ப் பெடியன் நின்றான். மறுநாள் காலை ஹம்பேர்க்கில் கலியாணம். மாப்பிள்ளையே அவன்தான். கைப்பையைத் தராமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தான்.

“கூறையும் தாலியும் இதுக்கைதான் அக்கா. எவ்வளவு நேரம் லேட்டாகும்?”

முதலாளி சொன்னபடி தாமதம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

“தம்பி, பிளேன் வராது. இப்பவே ரயிலைப் பிடிச்சால் விடியமுன்னம் போயிடலாம்.”

“போர்டில லேட் எண்டுதானே கிடக்கு?”

“போர்டையும் நாங்கள்தான் எழுதுறம்.”

அவன் ஓடினான். அவன் ஓடுவதைப் பார்த்த மற்றவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். தமிழில் ஒன்றும் ஜெர்மனில் ஒன்றுமாகச் சொல்வது எந்த ஊர் நியாயம்? அவர்களிடமும் உண்மையைச் சொன்னேன். சத்தம் கேட்டு ஹெர் ப்ரூனர் வெளியே வந்தார். வேலை போனது என்று நினைத்தேன். அவர் மைக்கை வாங்கி, ஜெர்மனிலும் பிரெஞ்சிலும், பேசிப் பார்த்தது சரிவரவில்லை, இன்று மட்டுமல்ல, இனி எங்கள் விமானம் எதுவுமே பறக்காது என்றார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசிப் பயணி போகும்வரை ரயில் நேரம் பார்த்துச் சொன்னார். அவர் இதுவரை அறிவித்ததில் மாற்றமில்லாமல் நடந்தது, இனி விமானம் பறக்காது என்றது ஒன்றுதான்.

அடுத்த நாள் எங்கள் எல்லோருக்கும் வேலை போனது. மாப்பிள்ளை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தானாம். ரயிலில் கண்ணை மூடாததால் மணவறையில் தூங்கி விழுந்தானாம்.

இப்போது கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கெட்ட செய்தியைச் சொல்ல நல்ல நேரம் என்று ஒன்றில்லை. கேட்பவருக்கு இன்னொரு ரயில் மிச்சமிருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.