புதன்கிழமை நான்கு சுற்று

பள்ளிக்கூட நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அலுப்புதான். மாதத்தில் ஐந்து நாள் பாடம் காதில் ஏறாது. பெஞ்சிலிருந்து எழும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவளிடம் "பின்னாடி பாருடி" என்று கெஞ்ச வேண்டும். மந்தைவெளியில் இருந்த எங்கள் பள்ளியில் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது, குப்பைக்கூடை கிடையாது, பாதி நாள் தண்ணீரும் கிடையாது. மாற்றிய நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றிப் புத்தகப் பையிலேயே வைத்து, பஸ்ஸில் வீடு வரை சுமந்து போவேன். சே, என்ன பிழைப்பு அது!

புதன்கிழமை இன்னும் மோசம். அன்று விளையாட்டு வகுப்பு, மேலிருந்து கீழ்வரை வெள்ளைச் சீருடை. அந்த நிறத்தை முடிவு செய்த புண்ணியவான் நிச்சயம் பெண்ணாக இருந்திருக்க முடியாது.

விளையாட்டு ஆசிரியர் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். "தலைவலி சார்" என்றால் அவருக்குப் புரிந்துவிடும். நம் முகத்தைப் பார்க்காமல் நோட்டில் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைத்து, படிக்கட்டில் உட்காரச் சொல்வார். ஒருத்திக்கு மாதத்துக்கு ஒரு புள்ளிதான். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாதம், முதல் புதனன்று வெயிலில் ஓடச் சோம்பல்பட்டு நான் பொய்த் தலைவலி சொல்லி உட்கார்ந்துகொண்டேன். மூன்றாம் புதனன்று நிஜமாகவே வந்துவிட்டது.

"உனக்குத்தான் இந்த மாசம் போட்டாச்சே. ஓடும்மா, ஓடு" என்றார் சார்.

அவரோடு மல்லுக்கட்ட என்னிடம் தெம்பில்லை. ஓடினேன்.

அன்று மண்டலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் நாள் வேறு. மைதானத்தை நான்கு சுற்று ஓட வேண்டும், முதலில் வரும் இரண்டு பேரை அனுப்புவார்கள். அதில் ஒருத்தி யார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். கடைசி பெஞ்சில் இருந்தவள், ஓட ஆரம்பித்தால் பையன்களே வாயைப் பிளப்பார்கள். போட்டியில் ஜெயித்தால் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் இடம் கிடைக்கும், சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று வருடம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் இரண்டாவது சுற்றை இழுத்துக்கொண்டிருந்தபோது, அவள் மூன்றாவதில் என்னைத் தாண்ட வந்தாள். தாண்டவில்லை.

"திரும்பாதடி. பின்னாடி கறை பட்டுக்கீது. நீ ஓடிக்கினே இரு, நான் பின்னாடியே வர்றேன்."

"ஐயோ, நீ போடி! இன்னிக்கு செலக்‌ஷன்."

"பசங்க பூரா இங்கதான் பாத்துக்கினு கீறானுங்க. பேசாம ஓடு."

என் முதுகை ஒட்டியே வந்தாள். மற்றவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். கழிப்பறைப் பக்கம் வந்ததும் என்னை உள்ளே தள்ளி, கதவை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் திரும்பி வந்தபோது சார் இரண்டு பெயரை எழுதி முடித்திருந்தார்.

"திமிரு உனக்கு! ஓடுற நேரத்துல என்ன கதை?" என்று எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மதியம் என்னிடம் வந்தாள். "சார்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்றியா? இன்னொரு தபா ஓட வுடுவாரு. நான் சொன்னா நம்ப மாட்டாரு."

"அதைப் போய் ஆம்பள சார்கிட்ட எப்படிடி சொல்றது?"

"சரி, வுடு" என்றாள்.

மனசு கேட்காமல் ஆசிரியர்கள் அறை வாசல் வரை போனேன். சார் டீ குடித்துக்கொண்டிருந்தார். "என்னம்மா?" என்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது. சும்மா வந்தேன் சார் என்று திரும்பிவிட்டேன். பட்டியலை மறுநாள் மதியம்தான் அனுப்பினார்கள். அதுவரை எனக்கு நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை.